கழட்டாத மாலை

குலசைக்கா சாமின்னு கேட்டீங்க. ஆமா, குலசைக்குத்தான், அம்மன் கோயில் தசராவுக்கு. மாலை புதுசு. இன்னிக்குக் காலையில சாத்தூர்ல பஸ் ஏறுறதுக்கு முன்னாடி போட்டது. வேஷம் என்னன்னு இன்னும் முடிவு பண்ணல. வேஷம் கட்டிப் போற எங்க தசரா செட்டுல போன வருஷம் காளி கட்டுனவரு இந்த வருஷம் முடியாதுன்னுட்டாராம், அதுக்கு என்னையப் பாக்குறாங்க. நமக்கு எதுக்குங்க காளி. ஒரு குரங்கு வேஷம், ஒரு பிச்சைக்காரன் வேஷம், அது போதும்.

மாலை போட்டுட்டா எதிர்ல வர்ற எல்லாரையும் சாமின்னுதான் கூப்பிடணும். உங்களை அண்ணாச்சின்னே கூப்பிட்டுக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் சொல்லப்போறது சாமிகிட்ட சொல்ற விஷயம் இல்ல. நெளிஞ்சுக்கிட்டே வர்றீங்களே, வயித்துக்கு முடியலையா, கண்டக்டர்கிட்ட சொல்லி வண்டிய நிப்பாட்டச் சொல்லட்டுமான்னு கேட்டீங்க பாருங்க, அந்த ஒரு கேள்விக்காகத்தான் சொல்றேன். இத்தனை மாசத்துல வீட்டுல ஒருத்தரும் கேக்கல. கேக்கலன்னு சொன்னா பாவம், கேட்டாங்க. நான்தான் பதில் சொல்லல. நீங்க மூஞ்சி தெரியாத ஆளு. கோயில்பட்டியில பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல நான் இறங்கிருவேன், நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. அதான் உங்ககிட்ட.

வண்டிய நிப்பாட்டுனாலும் பிரயோஜனம் இல்ல. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும், போய் நின்னா ரெண்டு சொட்டு. அப்புறம் ஒரு எரிச்சல். மிளகாய் விதை ஒண்ணு உள்ள ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குற மாதிரி. பரோட்டா மாஸ்டருங்க நான், பேரு சண்முகையா. மிளகாய் எரிச்சல் எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கையில பட்டா எண்ணெய் தேச்சுக் கழுவிடலாம். இதை எங்க போட்டுக் கழுவ.

எங்க பக்கத்து எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டிருக்கீங்களா? கல்லுல சுடுறது இல்ல, எண்ணெயில பொரிக்கிறது. முறுமுறுன்னு வரும். நான் வீசுற வீச்சுக்கு ஒரு பேரே இருந்துச்சு. இருந்துச்சுன்னு ஏன் சொல்றேன்னா, இப்போ நான் பரோட்டா அடுப்புகிட்டயே போறது இல்ல. மாலை போட்டவன் கறிக்குழம்புப் பக்கம் நிக்க முடியுமா? முட்டை உடைக்க முடியுமா? முதலாளி முதல் ரெண்டு மாலை வரைக்கும் பொறுத்துப் பார்த்தாரு. மூணாவது மாலையோட போய் நின்னதும், ஏப்பா சண்முகையா, நீ ஹோட்டலுக்கு மாஸ்டரா, இல்ல கோயிலுக்குப் பூசாரியான்னு கேட்டாரு. இப்போ ஒரு சைவ ஹோட்டல்ல தோசை ஊத்துறேன். தோசை ஊத்துறது ஒரு வேலையா அண்ணாச்சி. ஒரு பொம்பளைப் பிள்ளை கூட ஊத்தும்.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். போன வருஷம் கொச்சி பக்கம் ஒரு ஹோட்டல்ல இருந்தேன். நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, ஒரு ரூமுக்குள்ள நாங்க அத்தனை பேரு. ஒரு லீவு நாள்ல எல்லாருமாக் கிளம்பிப் போனாங்க. நானும் போனேன். நாலு பேரு போற இடத்துக்கு ஒருத்தன் மட்டும் வரலன்னா அதையே சொல்லிச் சொல்லிக் காட்டுவானுங்க. அதை விடுங்க. ஒரு தடவைதான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன், அதோட கொச்சிக்குத் திரும்பல, சாத்தூர்லயே ஒரு ஹோட்டல்ல சேர்ந்துட்டேன். கல்யாணமாகி ரெண்டு வருஷம் தாண்டியிருந்துச்சு, பொண்டாட்டிய விட்டுட்டு மாசக்கணக்குல இருந்தவன், வந்த இடத்துல சும்மாவா இருப்பேன். அவ பேரு மாரிச்செல்வி. தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் ஆகல, ஆரம்பிச்சுருச்சு. எரிச்சல்னா எரிச்சல். சீழு வேற. வேட்டியில கறை படும், நானே துவைச்சு நானே காயப் போடுவேன். என்னடா இது, எம்புள்ளை வேட்டி துவைக்கிறான்னு எங்கம்மா அவளை ஏசுனாங்க. அவ அடுத்த நாள்ல இருந்து எனக்கு முன்னாடி எந்திரிச்சு வாளியத் தூக்கிக்கிட்டு நின்னா. அவகிட்ட இருந்து வேட்டியப் பிடுங்குறதே பெரிய பாடாப் போச்சு.

உள்ளூர்ல காட்ட முடியுமா? மதுரைக்குப் போனேன். பெரியாஸ்பத்திரியில அதுக்குன்னு தனி ரூம் இருக்கு. வாசல்ல எழுதியிருக்கிறதைப் படிச்சா யாருக்கும் ஒண்ணும் வெளங்காது, அந்த மட்டுக்கும் நல்லது. ரத்தம் எடுத்தாங்க, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. பெரிய சீக்கு ஒண்ணும் இல்ல, இது வெட்டைதான், மருந்துல போயிரும்னாங்க. சாம்பல் கலர்ல மாத்திரைப் பாக்கெட் ரெண்டு கொடுத்தாங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க வீட்டம்மாவுக்கு, ரெண்டு பேரும் சாப்பிடணும், அவங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாட்டியும் உள்ள இருக்கும்னு அங்க இருந்த மேடம் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னாங்க. முடிஞ்சா கூட்டிட்டு வாங்கன்னாங்க. சரி மேடம், சரி மேடம்னு தலைய ஆட்டிட்டு வந்தேன். ஒரு வாரம் சேரக்கூடாது, அது ஒண்ணு. நான் வீட்டுக்கு வர்றேன், கார்த்திகை பொறக்குது. நினைச்சுப் பாருங்க அண்ணாச்சி, எனக்காகவே பொறந்த மாதிரி. மறுநாள் விடியக்காலம் குருசாமிகிட்ட போய் ஐயப்பனுக்கு மாலை போட்டுட்டேன்.

மாலை போட்டுட்டா பாய் தனி, படுக்கை தனி. ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டாத்தான் தப்பு.

மாத்திரைய முழுங்குனதும் சீழு நின்னுருச்சு. வேட்டி வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு சந்தோஷத்துல. மலைக்குப் போற பஸ்ல நான் போட்ட சரணத்துக்கு குருசாமியே திரும்பிப் பார்த்தாரு. ஆனா எரிச்சல் மட்டும் போகல. குறைஞ்சுச்சு, போகல. விதைப்பைக்குப் பின்னாடி ஒரு குடைச்சல், உக்காந்தா ஒரு பாரம். மறுபடி மதுரைக்குப் போனேன். டெஸ்ட் எடுத்தாங்க. ஒண்ணும் இல்ல, சுத்தமாயிருச்சு, போங்கன்னாங்க. ஒண்ணும் இல்லன்னா எரியுறது எதுங்க? கையில பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஆஸ்பத்திரிக் கக்கூஸ்லயே நின்னேன். பேப்பர்ல ஒண்ணும் இல்ல, எனக்கு எரியுது.

தை பொறந்து மலைக்குப் போய்ட்டு வந்து மாலையைக் கழட்டியாச்சு. அன்னிக்குச் சாயங்காலம் மாரிச்செல்வி தலைக்குக் குளிச்சு, மல்லிகைப்பூ வச்சு, எனக்குப் பிடிக்கும்னு நாட்டுக்கோழி அடிச்சுக் குழம்பு வச்சிருந்தா. நான் சாப்பிடுறதை எதிர்ல உக்காந்து பார்த்தா. எங்க கிட்ட வரச் சொல்லுவாளோன்னு குழம்புக் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கல. பேப்பர்ல இல்லாதது உடம்புல இருந்து, அது அவளுக்குப் போச்சுன்னா? அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கொட்டுறது? நல்லாச் சாப்பிட்டேன், அப்படியே மலையேறுன அலுப்புன்னு சொல்லித் திரும்பிப் படுத்துட்டேன். மறுநாள் போய் தைப்பூசத்துக்கு முருகன் மாலை போட்டுட்டேன். பழனிக்கு நடந்து போறோம்னு சொன்னேன். அவ அன்னிக்கு வாசல் கூட்டிக்கிட்டு இருந்தா. பச்சை வேட்டியப் பார்த்தா, என்னையப் பார்த்தா, மறுபடியும் கூட்ட ஆரம்பிச்சுட்டா.

அவளைக் காப்பாத்தத்தான் அண்ணாச்சி. எல்லாம் அவளைக் காப்பாத்தத்தான்.

அதுக்கப்புறம் நம்ம பக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, சாமிக்குப் பஞ்சமா? பங்குனி உத்திரம், வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர், ஆடியில இருக்கன்குடி. ஒரு மாலையைக் கழட்டுறதுக்கும் அடுத்த மாலையைப் போடுறதுக்கும் நடுவுல எவ்வளவு நாள் வருதோ அவ்வளவு நாளும் எனக்கு ஒரு சாக்கு வேணும். அந்த நாள்ல அடுப்படியில வேலை ஜாஸ்தின்னு ஹோட்டல்லயே படுத்துருவேன், இல்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சுருவேன். எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னிக்கு ஆம்பளை பொம்பளை சேரக்கூடாதுல்ல. வாரத்துல ரெண்டு தடவை மூணு தடவை எண்ணெய்க் குளியல். தலையில நல்லெண்ணெய் வாடையோட ஒரு ஆளு எப்பவும் திரிஞ்சா தெருவுல என்ன நினைப்பாங்க? உடம்புச் சூடுன்னு நினைச்சாங்க. நல்லதாப் போச்சு.

ஆனா மாலை விஷயத்துல அவங்க நினைச்சதுதான் வேற. ஒரு நாள் தோசைக்கல்லுக்கு முன்னாடி நிக்கிறேன், எங்க தெருக்காரரு ஒருத்தரு வந்து கையப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. மனசத் தளரவிடாத சண்முகையா, முருகன் கண்டிப்பாக் கொடுப்பான், நீ இருக்கிற விரதத்துக்கு ஆண்பிள்ளையே கொடுப்பான்னாரு. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஊரு பூராவும் அதே பேச்சு. பிள்ளை வரம் கேட்டு வருஷம் பூராவும் மாலை போட்டிருக்கான், பொண்டாட்டி மேல எவ்வளவு பிரியம் இருந்தா ஒரு மனுஷன் இப்படி உடம்பை வருத்துவான்னு. எங்கம்மா வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி ஆகிப்போச்சு. எம்புள்ளை உனக்காகச் செருப்புக் கூடப் போடாம அலையுறான், உன் வயிறு இன்னும் தொறக்க மாட்டேங்குதேன்னு அவளைப் பிடிச்சுக்கிட்டாங்க. கோயில்ல ஏலம் எடுத்த எலுமிச்சம்பழத்தைத் தோலோட தின்ன வச்சாங்க. எவளோ சொன்னான்னு மண்சோறு சாப்பிட வச்சாங்க. அவளும் சாப்பிட்டா. தெருவுல ஒரு வளைகாப்புன்னா அவளைப் பின்னாடி நிறுத்துவாங்க.

நான் என்ன பண்ணட்டும்? எங்கம்மாவை அதட்டலாம்தான். அதட்டுனா, அப்போ நீ எதுக்குடா மாலை போடுறன்னு கேப்பாங்கல்ல.

மாரிச்செல்வி பொறுமைசாலி. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். விடியக்காலம் எனக்கு முன்னாடி எந்திரிச்சுக் குளிச்சு, விளக்கேத்தி, எனக்குத் தனிப் பாத்திரத்துல சமைச்சு வைப்பா. சாமி சாப்பிட வாங்க, சாமி வெந்நீ வச்சிருக்கேன், எல்லாம் சாமிதான். முன்னாடியெல்லாம் இந்தான்னு கூப்பிடுவா, அதுல ஒரு ராகம் இருக்கும். இந்த சாமியில ராகம் ஒண்ணும் கிடையாது. ஒரு நாள் எங்கம்மா ஏதோ பேசிட்டு வெளிய போனாங்க. இவ அடுப்படியில திரும்பி நின்னுக்கிட்டே கேட்டா.

“மாலை போட்டா பிள்ளை வந்துருமா சாமி?”

எனக்குச் சுருக்குன்னு ஆகிப்போச்சு. சாமி விஷயத்துல இப்படிப் பேசலாமா? அவளுக்குக் கொஞ்சம் பக்தி கம்மி அண்ணாச்சி. அதை நான் ஆரம்பத்துலயே கவனிச்சிருக்கேன்.

நான் சும்மா இருக்கல. வைத்தியம் பார்க்காத இடம் இல்ல. ஹோட்டல்ல கூட இருந்தவங்கிட்ட நீர்க்கடுப்புன்னு மட்டும் சொன்னேன். கல்லு முன்னாடி நின்னு நின்னு சூடு ஏறிருச்சு, கால் பெருவிரல் நகத்துல சுண்ணாம்பு தடவுன்னான். தடவுனேன். வெந்தயத்தை ஊற வச்சு முழுங்குனேன், நன்னாரி குடிச்சேன், கத்தாழைச் சோத்தை மோர்ல அடிச்சுக் குடிச்சேன். இளநீர் குடிச்ச குடிக்கு என் வயித்துல ஒரு தென்னை முளைச்சிருக்கணும். மாசாமாசம் லாட்ஜுல வந்து ரூம் போட்டு உக்காருவாங்கல்ல, ரகசிய வைத்தியம்னு சுவரெல்லாம் ஒட்டியிருக்கும், அங்கயும் போனேன். நாடி பிடிச்சுப் பார்த்துட்டு, தம்பி, உன் வாலிபத்துல நீ பண்ணுன தப்பு நரம்புல நிக்குதுன்னு சொல்லி ஒரு லேகியம் கொடுத்தான். கருப்பட்டி மாதிரி இனிச்சுது. அது பாட்டுக்கு இனிச்சுது, இது பாட்டுக்கு எரிஞ்சுது.

அப்போத்தான் அந்த இன்னொரு பாக்கெட் ஞாபகம் வந்துச்சு. மாரிச்செல்விக்குன்னு கொடுத்தது. பரணுல ஒரு பழைய டிபன் கேரியருக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். அவகிட்ட எப்படிங்க கொடுக்குறது? என்ன மாத்திரைன்னு கேப்பா. சத்து மாத்திரைன்னு சொல்லலாம், சொல்லத்தான் நினைச்சேன். கவர்ல இங்கிலீஷ்ல என்னென்னமோ போட்டிருக்கு, அவ பன்னெண்டாவது படிச்சவ, வாசிச்சுட்டான்னா? தவிர அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருந்தா. எரியுறது எனக்கு. மருந்து வீணாப் போகக் கூடாதுன்னு அதையும் நானே போட்டுட்டேன். மாத்திரை விஷயத்துல நான் ஒரு குறையும் வைக்கல அண்ணாச்சி. வயிறு ரெண்டு நாள் பொத்துக்கிட்டு ஊத்துச்சு, அதோட சரி. எரிச்சல் அப்படியே இருந்துச்சு.

கடைசியா திரும்பவும் மதுரைக்கே போனேன். இந்த தடவை ஒரு சின்ன வயசு டாக்டரு. ரொம்ப நேரம் கேட்டாரு. எல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தாரு, ஸ்கேன் வரைக்கும். அப்புறம் பேனாவ மூடி வச்சுட்டுச் சொன்னாரு.

“உங்க உடம்புல கிருமி இல்ல, அது உறுதி. எரிச்சல் ஏன் நிக்கலன்னு எனக்குத் தெரியல. சில பேருக்கு இப்படி இருந்துருது. நாளாக நாளாகக் குறையலாம். நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கல.”

தெரியலன்னு சொல்ற டாக்டரை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. சூடு, நரம்பு, மனசு, செய்வினை. இவருக்குத் தெரியல. நான் அழுதுட்டேன் அண்ணாச்சி. அங்கயே, அந்த ஸ்டூல்லயே உக்காந்து அழுதேன். நான் பொய் சொல்லலன்னு ஒருத்தரு சொன்னதுக்கு அழுதேனா, இது எப்போ போகும்னு யாருக்கும் தெரியாதுன்னு அழுதேனா, எனக்கே தெரியாது. கொச்சியில இருந்து திரும்பி வந்த ஒவ்வொருத்தனும் நல்லாத்தான் இருக்கான். எனக்கு மட்டும் ஏன்? ஒரு தடவை தப்புக்கு இம்புட்டா? அந்தாளு தண்ணி கொடுத்தாரு. வீட்டுல அவங்களுக்கும் மருந்து கொடுத்தீங்கள்லன்னு கேட்டாரு. ஆமான்னு தலைய ஆட்டினேன். ரெண்டு பாக்கெட்டும் தீர்ந்துருச்சுல்ல. அப்போ பயப்படாதீங்க, இது அவங்களுக்குப் போகாது, நல்லபடியா இருங்கன்னு தோள்ல தட்டி அனுப்பினாரு. அன்னிக்கு நேரா வீட்டுக்குப் போய் அவ பக்கத்துல உக்காரணும்னுதான் பஸ் ஏறுனேன். திருமங்கலம் தாண்டல, எரிய ஆரம்பிச்சுருச்சு. உறுதின்னு அவரு சொல்லிட்டாரு, அவருக்கா எரியுது? இறங்குனதும் நேரா இருக்கன்குடிக்கு மாலை போடப் போயிட்டேன்.

இதுக்கு நடுவுல இவளுக்கு அடிவயித்துல ஒரு வலி. அது எப்போ இருந்துன்னு எனக்குத் தெரியாது. பங்குனியிலயே சொன்னா போல. இடுப்பக் கையால அழுத்திக்கிட்டே நடப்பா. வெள்ளைபடுதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கா, அதுவும் சூடுன்னுட்டாங்க. நான் குடிக்கிற நன்னாரியில அவளுக்கும் ஒரு டம்ளர் ஊத்திக் கொடுத்தேன். என்னால முடிஞ்சது. ஆடியில எங்கம்மா அவளைப் பிள்ளை விஷயமா ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இந்தக் கோயில்பட்டி ஆஸ்பத்திரிதான். அந்தம்மா எங்கம்மாவை வெளிய உக்கார வச்சுட்டு இவகிட்ட மட்டும் என்னமோ பேசியிருக்காங்க. உள்ள கிருமி இருக்கு, புருஷங்கிட்ட இருந்து வந்திருக்கலாம், குழாய் அடைச்சுக்கிட்டா அப்புறம் பிள்ளைக்கு வழியே இல்லாமப் போயிரும், சீக்கிரமா ரெண்டு பேரும் வந்து மருந்து எடுத்துக்கங்கன்னு.

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் எங்கம்மா பக்கத்து வீட்டுக்குப் போனாங்க. இவ என் பாய்க்குக் கொஞ்சம் தள்ளி வந்து உக்காந்தா. சாமின்னு கூப்பிடல.

“கொச்சியில இருக்கும்போது உங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சா? இருந்தாச் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மருந்து சாப்பிட்டாச் சரியாயிருமாம்.”

கோபமா ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. கோபமாக் கேட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அந்தக் கத்தல்ல எல்லாம் வெளிய வந்திருக்கும். இவ மெதுவாக் கேட்டா. எந்திரிச்சுப் போய் சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து கண்ண மூடிக்கிட்டேன். விளக்குல எண்ணெய் தீர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். திரும்பிப் பாக்குறேன், அவ அங்கயே உக்காந்திருக்கா.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எனக்கு இன்னொரு யோசனையும் வந்துச்சு. எனக்குக் கிருமி இல்லன்னு டாக்டரே உறுதியாச் சொல்லிட்டாரு. அவளுக்கு இருக்குன்னு இன்னொரு டாக்டரு சொல்றாங்க. அப்போ அவளுக்கு எங்க இருந்து வந்துச்சு? சந்தேகம்னு இல்ல. சேச்சே. யோசிச்சா அப்படி வருதுல்லன்னு சொல்றேன். ஒரு ரெண்டு நாள் அப்படி ஓடுச்சு, அப்புறம் விட்டுட்டேன்.

மறுநாள் அவ எட்டயபுரம் பக்கம் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சண்டை கிண்டை இல்ல. எனக்கு மூணு நாளைக்கு மாவு அரைச்சு வச்சுட்டுத்தான் போனா. ஆடிக் கடைசி வெள்ளி முடிஞ்சு நானும் மாலையைக் கழட்டிட்டேன். வீட்டுல அவ இல்ல, மாலையும் இல்ல. பயமில்லாம வெறுங்கழுத்தோட இருந்தது அந்தக் கொஞ்ச நாளுதான். நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் பழைய ஹோட்டலுக்குப் போய் சும்மா ரெண்டு பரோட்டா வீசிப் பார்த்தேன். ஆனா வீட்டுக்கு வந்தா அவ துணி காயுற கொடி காலியாக் கிடக்கும். எனக்கு அவ வேணும் அண்ணாச்சி. அவ இல்லாம என்னால இருக்க முடியாது. இதை அவகிட்ட ஒரு தடவை கூடச் சொன்னது இல்ல.

முந்தாநாள் போன் பண்ணினா. வெள்ளிக்கிழமை காலையில கோயில்பட்டி பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, வாசல்ல நிக்கிறேன், ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள போவோம்னா. டாக்டரம்மா முன்னாடி நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல உக்காந்தாப் போதும்னா. மருந்து வாங்கிட்டு அப்படியே நம்ம வீட்டுக்கு வந்துருறேன்னு சொன்னா. நம்ம வீடுன்னு சொன்னா. வந்துருறேன்னு நானும் சொன்னேன். நேத்துப் பூராவும் நல்லாத்தான் இருந்தேன். உள்ள போய் உக்காந்ததும் முதல் வார்த்தையா என்ன சொல்றதுன்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். உங்ககிட்ட இப்போ சொன்னேன்ல, இதே மாதிரி ஆரம்பத்துல இருந்து சொல்லிரலாம்னு.

காலையில குளிச்சுட்டுக் கிளம்புனேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பஸ் ஸ்டாண்டுகிட்ட வரும்போது கோயில் வாசல்ல எங்க தசரா செட்டு ஆளுங்க மேளத்தோட நிக்கிறாங்க. மாலை போட்டுக்கிட்டு இருக்காங்க. ஏ சண்முகையா, நீ இல்லாம ஒரு மாலையா, வா வான்னாங்க. வேலை இருக்குன்னு சொல்லிட்டு நாலு எட்டு நடந்தேன். சுரீர்னு ஒரு எரிச்சல். கால் தன்னால திரும்பிருச்சு. ஒருத்தரு சிவப்பு வேட்டி கொடுத்தாரு, கட்டிக்கிட்டேன். கழுத்துல மாலை விழுந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்தான் ஐயோன்னு இருந்துச்சு.

அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. மாலையோட உள்ள போனா என்ன, ஆஸ்பத்திரிக்கு மாலையோட போகக் கூடாதுன்னு சட்டமா? போய் உக்காரப் போறேன், அவ்வளவுதானே. போகத்தான் போறேன். டிக்கெட்டும் எடுத்தாச்சுல்ல.

இந்தா, பாலம் ஏறுது. அடுத்தது அந்த ஸ்டாப்தான். அந்தா தெரியுதுல்ல, கேட்டுக்குப் பக்கத்துல இளநீர் வண்டி. அதுக்கு இந்தப் பக்கம் நீலச் சேலை, கையில ஒரு பை. அவதான். இளைச்சுட்டா பாருங்க. அவ அம்மா வீட்டுல சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறை இருக்காது, ஆனாலும் இளைச்சுட்டா.

நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? எனக்கு வழி விடவா? இருங்க, உக்காருங்க. கூட்டம் இறங்கட்டும். அந்த அம்மா கூடையோட நிக்குது, அது முதல்ல இறங்கட்டும்.

ஒவ்வொரு சன்னலாப் பாக்குறா. நீங்க கொஞ்சம் முன்னாடி சாஞ்சுக்கிடுங்க அண்ணாச்சி, ஒரு நிமிஷம். கொஞ்சம் மறைச்சுக்கிட்டாப் போதும்.

பார்த்துட்டா.

கிட்ட வர்றா. அவ ஒண்ணும் கேக்க மாட்டா, சொன்னேன்ல. கழுத்தைத்தான் பாக்குறா. மாலையத்தான் பாக்குறா. நான் எந்திரிக்கத்தான் பாக்குறேன் அண்ணாச்சி, இந்தக் காலு... விசில் கொடுத்துட்டான். ரைட்டுன்னுட்டான். நீங்க எதுக்கு கண்டக்டரைக் கூப்பிடுறீங்க? வேண்டாம், விடுங்க. கையப் பிடிச்சுக் கேக்குறேன், விடுங்க.

உள்ள போறா. நம்ம வண்டி போறதைக் கூடப் பார்க்கல. தனியாத்தான் போறா. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு போறா.

டாக்டரம்மா கேப்பாங்க, வீட்டுக்காரர் வரலையான்னு. மாலை போட்டிருக்காருன்னு சொல்லுவா. அதுக்கு மேல யாரு என்ன கேக்க முடியும்? அவ மருந்து சாப்பிட்டுரட்டும், அது போதும், அவ நல்லா ஆயிட்டாப் போதும். தசரா முடியட்டும், நானே நேர்ல போய்க் கூட்டிட்டு வந்துருறேன். தசராவுக்கு அப்புறம் ஐப்பசியில கந்த சஷ்டி மட்டும்தான் வருது. அது ஆறு நாளுதான்.

கண்டக்டர் சாமி, இந்த வண்டி எது வரைக்கும் போகுது? திருச்செந்தூரா? சரி, அங்கயே ஒண்ணு கொடுங்க.

எங்க போறீங்க அண்ணாச்சி? இங்கயே இடம் இருக்கே. முன்னாடி வெயிலு அடிக்கும். கோபமா? ஏதாவது சொல்லிட்டுப் போங்க, ஏசிட்டாவது போங்க. நான் ஒண்ணும் பொய் சொல்லல. இப்பவும் எரியுது அண்ணாச்சி, சத்தியமா எரியுது.